பிளக்கைப் பிடுங்கியவர்

"பிளக்கைப் பிடுங்குனது யாரு?"

ஓடிக்கொண்டிருந்த மெஷின் பாதிப் பலகையில் நின்றுபோன எரிச்சலில் ராஜராஜன் திரும்பினார். ஷெட்டின் வாசலை ஒட்டிய சுவிட்ச் போர்டின் அருகே மீரா சாகிப் நின்றிருந்தார். கையில் மெஷினின் வயர்.

"நான்தான் சார். ரெண்டு தடவை கூப்பிட்டேன். இந்தச் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."

மீரா சாகிப் திருக்காட்டுப்பள்ளியில் முப்பது வருடமாக மரப்பட்டறை வைத்திருப்பவர். போன மாதம் இந்த மரம் அறுக்கும் மெஷினை வண்டியிலிருந்து இறக்கி, ஆட்டம் இல்லாமல் நிறுத்தி, பிளேடு மாட்டி, ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். வீட்டுக்குப் பின்னால், ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கியிருந்த ஷெட்டை ராஜராஜன் தன் ஞாயிற்றுக்கிழமைப் பட்டறையாக மாற்றியிருந்தார். வாரத்தில் ஆறு நாள் அவருக்குத் தலைக்கு மேல் வேலை. ஏழாவது நாள் மரத்தூள் வாசனை பிடித்தால்தான் மனசு ஒரு நிலைக்கு வரும்.

"இன்னைக்கு உங்களை வரச் சொல்லலையே பாய்?"

"சொல்லல சார். நானாத்தான் வந்தேன்." மீரா சாகிபின் கண் மெஷினிலேயே இருந்தது. "பிளேடை மூடியிருந்த கார்டு எங்க?"

கார்டு ஜன்னல் ஓரம் கிடந்தது.

"போட்ட கோட்டை மறைக்குது பாய். புத்தக அலமாரிக்கு இன்னும் நாலே பலகை. அறுத்துட்டு மாட்டிக்கலாம்னு கழட்டினேன்."

"அந்த நாலாவது பலகையிலதான் சார் விரல் போகும். அது என்ன, கையில உறையா?"

"பாதுகாப்புக்குத்தானே போட்டிருக்கேன்? உறை போட்டு வேலை செஞ்சே எனக்குப் பழகிப்போச்சு."

"சுத்துற பிளேடு பக்கத்துல உறை ஆகாது சார். நுனி மாட்டினாப் போதும், கையையே உள்ள இழுத்துடும். கழட்டுங்க."

ராஜராஜன் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். வேலை செய்யும் இடத்தில் அவர் சொல்வதைத்தான் பத்துப் பேர் கேட்பார்கள். அவரிடம் இதைச் செய், அதைக் கழற்று என்று சொல்ல ஆளில்லை.

"போதுமா? வயரைக் குடுங்க."

மீரா சாகிப் கொடுக்கவில்லை. கிட்டே வந்து பலகையைத் தடவிப் பார்த்தார்.

"இங்க கணு இருக்கு பாருங்க. பிளேடு இதுல சிக்குனா பலகை திருப்பி அடிக்கும். அப்ப கை எங்க போய் விழும்னு யாராலயும் சொல்ல முடியாது."

"என் கை அசையாது பாய். இருபத்தஞ்சு வருஷமா கூர்மையான சாமானோடதான் புழங்கிட்டிருக்கேன்."

"அதெல்லாம் நீங்க நிறுத்துனா நிக்கும் சார். இது நிக்காது."

காபி கொண்டுவந்த மனைவி விஜயலட்சுமி, டம்ளரை ஸ்டூலில் வைத்தாள். "நல்லாச் சொல்லுங்க பாய். நான் சொன்னா இவரு காதுலயே வாங்குறதில்ல" என்றுவிட்டுப் போனாள்.

மீரா சாகிப் காபியைத் தொடவில்லை. ஸ்பேனரை எடுத்துக் கார்டை மாட்டினார். ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு முறை முறுக்கிப் பார்த்தார். ராஜராஜனுக்குக் கோபம் தணிந்தது. நல்ல மனுஷன், அக்கறையில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷம் பாய். இப்ப ஆரம்பிக்கலாமா?"

"இன்னைக்கு வேண்டாம் சார்."

"அதான் கார்டு மாட்டியாச்சே!"

"மாட்டியாச்சு. இருந்தாலும் இன்னைக்கு வேண்டாம். இன்னும் ரெண்டு நாள் போகட்டும். நானே வந்து எல்லாத்தையும் அறுத்துத் தர்றேன். கூலி வேண்டாம்."

"எனக்கு லீவே ஞாயித்துக்கிழமைதான். நாளையிலேருந்து நிக்க நேரம் இருக்காது."

"தெரியும் சார்."

அந்தப் பதில்தான் ராஜராஜனைச் சீண்டியது. "பாய், மரியாதைக்காகப் பேசாம இருக்கேன். இது என் வீடு. என் மெஷின்."

வயரை வெடுக்கென்று இழுத்து பிளக்கைச் சொருகினார். பலகையை மெஷின் மேல் வைத்து சுவிட்சை நோக்கிக் கை நீட்டினார்.

மீரா சாகிப் குறுக்கே வந்தார். தன் வலது உள்ளங்கையைப் பலகைக்கும் பிளேடுக்கும் நடுவில் விரித்து வைத்தார்.

"அப்ப என் கையைத் தாண்டி அறுங்க சார்."

ராஜராஜனின் விரல் சுவிட்சுக்கு ஒரு அங்குலத்தில் நின்றது. ஒரு மாதப் பழக்கத்தில் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர். இப்போது விரித்து வைத்த கையை எடுப்பதாக இல்லை.

"பைத்தியமா பாய் உங்களுக்கு? எடுங்க கையை!"

கத்திக்கொண்டே ஓடிப்போய் அவரே பிளக்கைப் பிடுங்கினார். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. வெளியே ரோட்டில் ஓர் அறுவடை மெஷின் கடந்து போனது.

"என்னதான் பாய் ஆச்சு உங்களுக்கு?"

"மன்னிச்சிருங்க சார்." மீரா சாகிப் துண்டால் முகத்தைத் துடைத்தார். "கீழ்வேளூர்ல கட்டிக்குடுத்த என் மக ஃபஹ்மிதாவை நாலு நாளைக்கு முன்னால தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. பெரிய டாக்டர் வந்து பண்ணுவாருன்னு மட்டும்தான் சொல்லிட்டிருந்தாங்க. யாருன்னு மருமகனுக்கே நேத்துதான் பேர் தெரிஞ்சிருக்கு. கேட்டதும் எனக்கு வீட்ல இருப்புக்கொள்ளல."

அவர் ராஜராஜனின் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில எம் பொண்ணு நெஞ்சைத் திறந்து வால்வு மாத்தப்போற டாக்டர் கை, இதுதான் சார்."