காக்காய்க் கடி

பாவாடைக்குள் சொருகியிருந்த சட்டை நுனியை இவள் வெளியே இழுத்தாள்.

இன்டர்வெல் மணி இன்னும் அடித்து முடிக்கவில்லை. அதற்குள் இவளும் சங்கரியும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வந்துவிட்டார்கள். மூன்றாம் வகுப்பின் மற்ற பிள்ளைகள் எல்லாம் குழாயடியில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

டப்பாவில் ஒரே ஒரு கடலை உருண்டை.

இவள் அப்பா பிடித்தது. ஒன்றுக்கு மேல் கொடுத்தால் பிள்ளைக்குப் பல் போய்விடும் என்பது அவர் கணக்கு. கையால் உடையாது. கல்லால் உடைத்தால் மண்ணாகிவிடும். கடித்தால்தான் உண்டு.

உருண்டையைச் சட்டைத் துணியின் நடுவில் வைத்துச் சுற்றினாள். கடைவாயில் கொடுத்துக் கடித்தாள்.

டக்.

சங்கரி கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

இதற்குக் காக்காய்க் கடி என்று பேர். துணிக்கு மேலே கடித்தால் எச்சில் படாது. பண்டம் யாருடையதோ சட்டையும் அவருடையது. காக்காய் எந்தக் காலத்தில் சட்டை போட்டுக் கடித்தது என்று இவள் ஒருமுறை கேட்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்டதற்குத் தலையில் ஒரு குட்டு கிடைத்தது. கேள்வி கேட்டுக் குட்டு வாங்குவது இவளுக்குப் பழக்கம்தான்.

சங்கரியின் அம்மா கண்டிப்பானவள். யார் எச்சிலும் ஆகாது என்பாள். ஏன் ஆகாது என்று இவள் கேட்டாள். சங்கரிக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னாள்.

தினமும் சாயங்காலம் விசாரணை உண்டு. உள்ளே விடும் முன் வாசலிலேயே நிறுத்தி, "எவ எச்சியையாவது தின்னியா?" என்று கேட்பாளாம். சங்கரிக்குப் பொய் வராது. வாய் சொன்னாலும் காது காட்டிக்கொடுத்துவிடும். செக்கச்செவேலென்று சிவந்துபோகும்.

அதனால் போன வருஷம் முழுக்க சங்கரி சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகத்தான் தின்றாள். அந்த முதுகைப் பார்க்க இவளுக்குக் கஷ்டமாக இருக்கும்.

காக்காய்க் கடியை இவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அன்றிலிருந்து இந்தத் தொட்டி நிழல் இருவருக்கும் சொந்தம். வாயில் போடும் முன் சங்கரி தவறாமல் கேட்பாள்.

"எச்சி படலேல்ல?"

"அதான் துணி இருக்குல்லா?"

அது போதும் சங்கரிக்கு. சாயங்காலம் வாசலில் நின்று தைரியமாக இல்லை என்பாள். காதும் ஒன்றும் சொல்லாது.

இன்று அந்தத் துணியில்தான் சிக்கல்.

மணிக்கு முன் அறிவியல் பாடம். சுசீலா டீச்சர் தன் கைக்குட்டையை டம்ளர் வாயில் கட்டி, கலங்கல் தண்ணீரை ஊற்றினார். மண் மேலே நின்றுவிட்டது. தண்ணீர் கீழே சொட்டியது. எது நிற்கும், எது போகும் என்று டீச்சர் கேட்டார். வகுப்பே சேர்ந்து கத்தியது.

இவள் மட்டும் கத்தவில்லை. உள்ளே ஒன்று குறுகுறுத்தது.

எச்சில் மண்ணா, தண்ணீரா?

சுற்றிய துணியை மெல்லப் பிரித்தாள். உருண்டை இரண்டாகியிருந்தது. துணியின் வெளிப்பக்கம், பல் பட்ட இடத்தில் வட்டமாக ஈரம். அது தினமும் இருப்பதுதான். இன்றைக்குத்தான் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

அங்கேயும் ஈரம்.

விரலால் தொட்டாள். சங்கரிக்குரிய பாதியைத் தொட்டாள். வெல்லம் பிசுபிசுவென்று ஒட்டியது.

போகிறது!

துள்ளிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. இது டீச்சருக்கே தெரிந்திருக்காது. பள்ளிக்கூடமே இத்தனை நாளும் ஒருத்தர் எச்சிலை ஒருத்தர் தின்றுகொண்டு, சட்டையை வேறு அழுக்காக்கிக்கொண்டிருக்கிறது. இப்போதே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள்.

சங்கரியின் உள்ளங்கை அப்படியே நீட்டியிருந்தது.

வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது பயமாக இருந்தது. சொன்னால் சங்கரி நாளைக்கே சுவர்ப் பக்கம் போய்விடுவாள். சொல்லாமல் இருக்கலாம். ஆனால் எதையும் கண்டுபிடித்துவிட்டுச் சொல்லாமல் இருந்து இவளுக்குப் பழக்கமில்லை. ஈர வட்டத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

சங்கரி கேட்கப்போகிறாள்.

கேட்டால் என்ன சொல்வது?

சங்கரி குனிந்தாள். பொத்திய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். துணியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் பார்த்தாள்.

அவளும் அதே பெஞ்சுதான். டம்ளரில் சொட்டிய தண்ணீரை அவளும்தான் பார்த்தாள்.

குழாயடியில் யாரோ யாரையோ தள்ளிவிட்டு ஓடும் சத்தம் கேட்டது.

சங்கரி தன் பாதியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

கேட்கவில்லை.

நொறுக் நொறுக்கென்று மென்றாள். இவள் தன் பாதியை மறந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழுங்கி ஆனதும் சங்கரி ரிப்பன்களை அவிழ்த்தாள். மடித்துக் கட்டியிருந்த சடைகள் இரண்டும் கீழே விழுந்தன. முடியைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"காது தெரியுதா, பாரு."

இவள் சுற்றி வந்து பார்த்தாள். வலப் பக்கம் சரியாக இருந்தது. இடப் பக்கம் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

அது இப்போதே சிவந்திருந்தது.

இவள் முடியை இழுத்து அதையும் மூடினாள்.