பத்து மில்லிமீட்டர்

குடலுக்குள் நுழையும் கேமராவுக்குத் தானாக அளவு தெரியாது. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சிட்ட தாளைக் காட்டி, ஒரு கட்டம் பத்து மில்லிமீட்டர் என்று மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுப்பது எபிநேசரின் வேலை. தாள் கிழிந்துவிட்டது. புதிதாக அச்சிடுமுன், இத்தனை நாள் வராத புத்தி வந்து, பழைய தாளில் ஸ்கேலை வைத்துப் பார்த்தான். பன்னிரண்டு. பக்கம் நிறையட்டும் என்று பிரிண்டர் பெரிதாக்கியிருந்தது. ஆறு மாதமாகக் கேமரா பன்னிரண்டைப் பத்தென்று நம்பி, எல்லாவற்றையும் குறைத்தே அளந்திருக்கிறது.

காலையில் அதே கேமராவின் பரிசோதனைக்குப் படுத்திருந்த வார்டு ஆயா செண்பகவல்லி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"கட்டி ஒம்பதுதானாம் தம்பி! பத்தத் தாண்டுனாத்தான் அறுக்கணுமாம். ஒன் கேமரா வாய்க்குச் சக்கரை போடணும்."

லட்டு டப்பாவை நீட்டினாள். ஒன்றை எடுக்க, அவன் ஸ்கேலைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.