பல்பு அடுப்பு

"அவ்வளவு ஆசைன்னா நீயே ஒண்ணு வாங்கிக்க வேண்டியதுதானே?" என்று போன குளிர்காலத்தில் ஹார்லன் வெர்னாவிடம் கேட்டிருந்தார்.

பள்ளிப் பேருந்துப் பணிமனையின் சாப்பாட்டு அறையில், காப்பி குடித்துக்கொண்டே கேட்ட கேள்வி. அவர் அங்கே மெக்கானிக். அவள் ஏழாம் எண் பேருந்தின் ஓட்டுநர். பேச்சு சின்ன வயது கிறிஸ்துமஸைச் சுற்றிவிட்டு, கிடைக்காமல் போன பொம்மையில் வந்து நின்றிருந்தது.

"நானே வாங்கினா அது கடையில சாமான் வாங்குற மாதிரி ஆயிடும். யாராவது கையில எடுத்துக் குடுக்கணும், ஹார்லன். நான் 'ஐயோ, எனக்கா?'ன்னு கேக்கணும்" என்றாள் வெர்னா.

அவள் ஆசைப்பட்டது ஒரு பொம்மை அடுப்பு. உள்ளே பல்பு எரியும். அந்தச் சூட்டிலேயே உள்ளங்கை அளவு கேக் வெந்துவிடும். கடையிலிருந்து தபாலில் வரும் தடித்த படப் புத்தகத்தில் வருடா வருடம் அதைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு வைப்பாள். வருடா வருடம் கம்பளிக் கையுறைதான் வந்தது.

இந்த வருடக் கிறிஸ்துமஸ் விருந்தும் அதே அறையில்தான். காலைப் பேருந்து ஓட்டம் முடிந்து, மாலை ஓட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் பாத்திரத்தை வழித்துத் தின்றுவிட்டு எல்லோரும் பரிசுப் பறிப்பு விளையாட்டுக்கு உட்கார்ந்தார்கள்.

ஆளுக்கொரு பொட்டலம், பெயர் எழுதாமல் மேஜையில் இருக்கும். சீட்டில் வந்த எண் வரிசைப்படி போய் ஒன்றைப் பிரிக்கலாம். அல்லது இன்னொருவர் பிரித்ததைப் பறித்துக்கொள்ளலாம். பறிகொடுத்தவர் மேஜையிலிருந்து வேறொன்றைப் பிரித்துக்கொள்வார். மூன்றாவது கைக்குப் போன பொருளை மட்டும் அப்புறம் யாரும் தொடக் கூடாது.

இன்னொரு ஓட்டுநரான டூயி பிரித்த பொட்டலத்திலிருந்து அது வந்தது. வெளிர்பச்சை அடுப்பு. பழைய பெட்டிதான், ஆனால் ஓரம்கூட நசுங்கவில்லை.

வெர்னா தன் சீட்டைப் பார்த்தாள். கடைசி எண்.

"நல்லதாப் போச்சு. என் பஸ்ஸுல ஹீட்டர் வேலை செய்யல. யாரும் ரிப்பேர் பண்ற மாதிரியும் தெரியல. இதை வெச்சாவது குளிர் காயலாம்" என்று டூயி ஹார்லனைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"இங்க குடுடா அதை" என்று அடுத்த எண்காரியான பில்லிஸ் எழுந்து பறித்துக்கொண்டாள். "எங்க வீட்டுப் பூனைக்கு அடுத்த வாரம் பொறந்தநாள். கேக் சுடணும்."

இரண்டாவது கை. வெர்னாவுக்கு முன்னால் இனி ஹார்லன் மட்டும்தான் பாக்கி. அவர் எடுத்துவிட்டால் கதை முடிந்தது.

ஹார்லன் எழுந்து பில்லிஸின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். பெட்டியைக் குனிந்து பார்த்தார். திரும்பி வெர்னாவைப் பார்த்தார். அவள் ஸ்வெட்டரில் பிரிந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவர் மேஜைக்குப் போய் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். ரோஜா வாசனை மெழுகுவத்தி. அறையே விழுந்து விழுந்து சிரித்தது.

"பில்லிஸ், கோச்சுக்காதே. அடுப்பைக் குடு" என்றாள் வெர்னா.

"ஏன்டி, உங்க வீட்டுல பூனைகூட இல்லையே!"

"எனக்குத்தான்டி."

பில்லிஸ் முனகிக்கொண்டே மேஜையில் மிச்சமிருந்த கடைசிப் பொட்டலத்தைப் பிரித்தாள். உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கும் குட்டைத் தூண்டில். "போச்சு, பூனைக்கு இதுவும் ஆகும்" என்றாள்.

எல்லாம் முடிந்தது என்று வெர்னா எழும்போது, மேற்பார்வையாளர் மார்ஜ் கரண்டியால் மேஜையைத் தட்டினாள். "உக்காருங்க, உக்காருங்க! இந்த வருஷம் புதுசா ஒண்ணு. எதை யார் கொண்டுவந்தீங்கன்னு ஒவ்வொருத்தரா ஒத்துக்கணும்."

ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். மெழுகுவத்தி டூயி கொண்டுவந்தது என்று தெரிந்ததும் இன்னொரு சிரிப்பு. கடைசியில் அடுப்பும் தூண்டிலும்தான் மிஞ்சின. வாய் திறக்காதவர்கள் ஹார்லனும் வெர்னாவும்.

"அடுப்பு யாரு?" என்றாள் மார்ஜ்.

வெர்னா மடியிலிருந்த பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். காது மடல் வரை சிவந்துவிட்டது.

"நான்தான்" என்றார் ஹார்லன்.

"அட கள்ளா! இத்தனை நாளா இன்ஜினுக்கு அடியில படுத்துக்கிட்டு இதைத்தான் யோசிச்சியா?" என்று டூயி விசிலடித்தான்.

வெர்னா ஹார்லனையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஐயோ, எனக்கா?" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"அப்போ தூண்டில் உன்னோடதா?" பில்லிஸ் விடவில்லை. "நீ எப்போடி மீன் பிடிக்கப் போனே?"

"இனிமே போலாம்னு இருக்கேன்."

மாலை ஓட்டத்துக்கு நேரமானது. வெளியே ஏழாம் எண் பேருந்தின் முன்கண்ணாடியில் படிந்திருந்த பனியை ஹார்லன் சுரண்டிக்கொண்டிருந்தார். வெர்னா அடுப்பை அக்குளில் இடுக்கியபடி பக்கத்தில் வந்து நின்றாள்.

"தூண்டில் உங்களுதுதானே, ஹார்லன்?"

அவர் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு யாரும் குடுக்கப் போறதில்லைன்னு... பறிச்சாவது வாங்கிக்கலாம்னுதான்... அடுப்பைக் கொண்டுவந்து வெச்சதே நான்தான்" என்றாள் வெர்னா.

சுரண்டும் சத்தம் நின்றது. ஹார்லன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவள் அக்குளிலிருந்த பெட்டியை வாங்கினார். கொஞ்ச நேரம் தன்னிடமே வைத்திருந்தார்.

பிறகு அதை இரண்டு கைகளாலும் அவளிடம் எடுத்துக் கொடுத்துவிட்டு, பணிமனைக்குள் போனார்.