குற்றாலத்துச் சீட்டு

“இருக்கிறது ஒரே ஒரு கட்டில். யாருக்குன்னு நான்தான் சொல்லணும், கத்தாதீங்க!” என்றார் டாக்டர் நெல்லையப்பன்.

1943, ஆடி மாதம். குற்றாலத்தில் சாரல் கொட்டுகிறது. தென்காசியில் காலராக் கொட்டகை பிதுங்குகிறது. இருபது கட்டிலில் பத்தொன்பதில் ஆள். வாசலில் வந்து நின்ற வில்வண்டிக்குள் இரண்டு பேர் சுருண்டு கிடந்தார்கள். ஒருவர் இலத்தூர்ப் பண்ணையார் நம்பிராஜன். இன்னொருவன் அவருடைய வண்டிக்காரன் மாடன். இரண்டு பேருக்கும் விடிந்ததிலிருந்து வாந்தி, பேதி. கட்டில் கிடைத்தால்தான் நரம்பில் உப்புத்தண்ணி ஏற்றுவார்கள். கிடைக்காவிட்டால் பொழுது சாய்வதற்குள் என்ன ஆகுமோ!

பண்ணையார் மனைவி இராமலட்சுமி வண்டிக்கும் கொட்டகைக்கும் நடையாய் நடந்தாள்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு டாக்டரய்யா? அவுகளும் வண்டிக்காரனும் ஒண்ணா?” மடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். “பாருங்க! ஊசிச் சீட்டு இல்லாம அருவியில குளிக்க விடமாட்டாகன்னு ரெண்டு காலரா ஊசியும் முறையாப் போட்டவுக. சர்க்கார் முத்திரையே இருக்கு!”

டாக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏலே மாடா, உன் சீட்டு எங்கலே?”

மாடன் முதலாளியின் முகத்தைப் பார்த்தான். “எம் பேருக்குச் சீட்டு இல்லய்யா.”

“அப்ப பேச்சே இல்ல. ஊசி போட்டவரு வீட்ல உப்புக்கஞ்சி குடிச்சே பொழச்சுக்கிடுவாரு. போடாதவனுக்குத்தான் கட்டில். மாடனைத் தூக்குங்கப்பா!”

அடப் பாவமே! காட்டிய சீட்டே காலை வாரிவிட்டது. இராமலட்சுமி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

“ஏட்டி... அந்தச் சீட்டு...” பண்ணையார் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார்.

“அதான் காட்டிட்டேன்லா! நீங்க பேசாமக் கிடங்க, இருக்க தெம்பும் போயிரும்!”

இரண்டு ஆட்கள் மாடனைத் தூக்கி வண்டியிலிருந்து இறக்கினார்கள். பண்ணையார் பதறிப்போய் அவன் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

“என்ன பண்ணையாரே இது? கையை விடும்!” என்று அதட்டினார் டாக்டர்.

“டாக்டர்... அந்த ரெண்டு ஊசியும் இந்தக் கையிலதான்யா போட்டிருக்கு! காய்ச்சல் வருமேன்னு பயந்து, எம் பேரைச் சொல்லிப் போட்டுக்கிட்டு வாலேன்னு இவனைத்தான் அனுப்பினேன்!”