பஞ்சாட்சரத்துக்கு விழுந்த பரிசு

“இன்னிக்கும் திருப்பி அனுப்பிட்டாருன்னா, இந்தப் பையை அடுத்த வீட்டுக்குக் குடுத்துட வேண்டியதுதான் கலை. லிஸ்ட்டுல நாப்பது பேர் காத்துக்கினு இருக்காங்க” என்றாள் ரேணுகாம்பாள்.

உணவு வங்கி என்று பெயர்தான் பெரிது. இருப்பது ரேணுகாம்பாள், ஒரு பழைய ஆட்டோ, கலைவாணி மாதிரி நாலைந்து பெண்கள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். சாமான் வாங்க வருகிறவர்கள் கூடுதலாக ஒரு பாக்கெட் பருப்போ எண்ணெயோ வாங்கி அதில் போடுவார்கள். கடைக்காரர்களும் தங்கள் பங்குக்கு, அட்டை நசுங்கியது, உறை கசங்கியது என்று ஒதுக்கிவைத்த நல்ல சரக்கைச் சேர்த்துக் கொடுப்பார்கள். எல்லாம் பைகளாகி, அடுப்பு எரியாத வீடுகளுக்குப் போகும்.

பஞ்சாட்சரம் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. பதினைந்து நாள் மழையில் அவருடைய தறிக்குழியில் தண்ணீர் நின்றுவிட்டது. தறி ஓடாவிட்டால் கூலி ஏது? ரேஷன் அரிசியும் பானையின் அடிக்கு வந்துவிட்டது. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிற மகள் இரண்டு நாளாக வெறும் கஞ்சியில் இருக்கிறாள். அப்படியும் மனிதர், “கோயிலுக்குப் பரிவட்டம் நெய்யிற கை இது, தர்மம் வாங்காது” என்று இரண்டு தடவை பையைத் திருப்பி அனுப்பிவிட்டார். வீம்புக்கும் ஒரு அளவு வேண்டாமா?

“நான் போறேன்க்கா. எங்க பக்கத்துத் தெருதானே” என்று கிளம்பினாள் கலைவாணி. போகிற வழியில் சூப்பர் மார்க்கெட்டில் நுழைந்து, மேனேஜர் தேவசகாயத்திடம் கடைப் பெயர் அச்சடித்த பை ஒன்றைக் கேட்டு வாங்கி, சாமான்களை அதில் மாற்றிக்கொண்டாள்.

பிள்ளையார்பாளையத்தில் பஞ்சாட்சரம், தறிக்குழித் தண்ணீரை வாளியில் மொண்டு வந்து வாசலில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“மாமா, உங்களுக்குப் பரிசு விழுந்திருக்குது!”

“எனக்கா? என்னா பரிசு?”

“சூப்பர் மார்க்கெட் குலுக்கல்ல மாமா. பில்லுக்குப் பின்னாடி பேரு, தெரு எல்லாம் எழுதி டப்பாவுல போடுவாங்க இல்ல, அதுல உங்க பேரு வந்திருக்குது. அரிசி, துவரம்பருப்பு, கடலை எண்ணெய், ரவை, பால் பவுடர். மைக்ல உங்க பேரைப் படிச்சாங்க, கடையில இருந்த அத்தினி பேரும் கை தட்டினாங்க!”

மூச்சு விடாமல், ஓரிடத்திலும் தடுமாறாமல் சொன்னாள்.

பஞ்சாட்சரத்தின் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே சுருங்கியது.

“நான் அந்தக் கடையில கால் வெச்சே ஆறு மாசம் ஆவுதேம்மா. யார் பேரையோ மாத்திப் படிச்சிருப்பாங்க. கொண்டுபோய்க் குடுத்துடு.”

கலைவாணிக்குத் திக்கென்றது. இதை அவள் யோசிக்கவே இல்லை.

உள்ளேயிருந்து அவர் மனைவி மங்கையர்க்கரசி வந்தாள். கலைவாணியின் முகத்தைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள்.

“நான்தான் எழுதிப் போட்டேன். போன மாசம் உப்பு வாங்கப் போனேன் இல்ல, அப்ப.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே?”

“உப்பு வாங்கினதையெல்லாமா உங்ககிட்ட சொல்லிக்கினு இருப்பாங்க?”

அவ்வளவுதான். மனிதர் உள்ளே ஓடினார். தலையை வாரி, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியோடு வந்து நின்றார்.

“பரிசுன்னா போட்டோ எடுப்பாங்களே, எடுக்கலியா?”

கலைவாணி தன் போனில் எடுத்தாள். பஞ்சாட்சரம் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பல் தெரியச் சிரித்தார். மங்கையர்க்கரசி போட்டோவுக்கு நிற்கவில்லை. கலைவாணியின் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

தெருவுக்கு வந்ததும் கலைவாணிக்கு அப்பாடா என்றிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. நேரே சூப்பர் மார்க்கெட்டுக்கு நடந்தாள். அங்கே ரேணுகாம்பாள் பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தாள். தேவசகாயம் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வாங்கிக்கினாருக்கா! சிரிச்சுக்கினே வாங்கிக்கினாரு!”

“அந்த மனுஷனா? என்னம்மா சொன்னே?” என்றார் தேவசகாயம்.

“உங்க கடைக் குலுக்கல்ல பரிசு விழுந்துச்சுன்னு சொன்னேன் சார்.”

ரேணுகாம்பாள் கையிலிருந்த பருப்புப் பாக்கெட் நழுவிக் கீழே விழுந்தது. தேவசகாயம் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அதுக்குத்தான் கடைப் பை கேட்டியா! எப்படிம்மா இப்படி ஒரு பொய் தோணிச்சு உனக்கு?”

“யோசிச்சுப் பொய் சொல்ல எனக்கு எங்க சார் வரும்? போன வருஷம் எங்க வீட்டுக்காரருக்கு வேலை போயி, நாங்க ஒரு வேளை சோத்துக்குத் தவிச்சுக்கினு இருந்தப்ப, எங்களுக்கு நிஜமாவே விழுந்துச்சு இல்ல, அதை அப்பிடியே சொல்லிட்டேன். யாரு எழுதிப் போட்டாங்கன்னுதான் இன்னிவரைக்கும் தெரியல. ரேணுகாக்காதான் கொண்டாந்து குடுத்தாங்க. அப்பத்தான் எனக்கு அக்காவையே தெரியும்.”

ரேணுகாம்பாள் குனிந்து பாக்கெட்டைத் தேட ஆரம்பித்தாள். அது அவள் காலடியிலேயே கிடந்தது.

தேவசகாயத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. “குலுக்கலா? கடை திறந்த நாள்லேருந்து நான்தான்மா மேனேஜர்” என்றார். “இங்க ஒரு குலுக்கல்கூட நடந்ததே இல்லியே!”