ரகசிய ஊழியம்

ஆரம்ப ஜெபத்தின் நடுவிலேயே சாரின் குரல் உடைந்தது. "ஆண்டவரே... இந்த ஒரு மாசம்..." என்றவர், அதற்கு மேல் பேச முடியாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனுஷர் உருகிவிட்டார் என்று நினைத்து, வட்டமாக உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள்.

சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவர் வீட்டு ஹாலில் வேதபாடம் நடக்கும். இந்த மாதம் எடுத்துக்கொண்ட தலைப்பு, ஊழியமும் தியாகமும்.

"கேட்டுட்டுப் போனா போதாது. செஞ்சு காட்டணும்" என்று முதல் வாரமே ஆறு பேர் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டார். யார் பெயர் கைக்கு வருகிறதோ, அவருக்கு ஒரு மாதம் ஊழியம் செய்ய வேண்டும். செய்வது யார் என்று மூச்சுவிடக் கூடாது.

இன்று மாதம் முடிந்து சாட்சி சொல்லும் நாள்.

தையல்காரர் முதலில் எழுந்தார். "எனக்குத் தினம் தபால்ல நாலு பக்கத்துக்கு ஆலோசனை வந்துச்சுங்க. பேரில்ல, ஊரில்ல. முதல்ல மொட்டைக் கடிதாசின்னு பயந்துட்டேன். அப்புறம் பாத்தா, கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருந்துச்சு."

எல்லாரும் சாரைப் பார்த்துவிட்டு அவசரமாகத் தரையைப் பார்த்தார்கள்.

நர்ஸுக்குக் கிழிந்த சீருடைக்குப் பதிலாக இரண்டு புதுச் சீருடைகள் வந்திருந்தன, அளவு கச்சிதமாக. சாரின் மனைவி, "என் கை வெடிப்புக்கு யாரோ களிம்பு வச்சிட்டுப் போனாங்க. நல்லாக் கேக்குது. அவங்க நல்லாருக்கணும்" என்று ஒரே மூச்சில் சொல்லி உட்கார்ந்துவிட்டார். எலக்ட்ரீஷியன் பையில் தினம் ஒரு சத்து மாத்திரை இருந்ததாம். வாரம் தவறாமல் தாமதமாக வருவதால் அவருக்கு அங்கே 'லேட்டு' என்றே பெயர்.

மருந்துக்கடை அக்கா கண்களை மூடிக்கொண்டார். "கடையில மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜு செத்தே போச்சு. ராத்திரி முழங்கால் போட்டு ஜெபிச்சேன். காலையில போய்ப் பாத்தா தானா ஓடுது! அற்புதம்!"

லேட்டு ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார்.

கடைசியாகச் சார் எழுந்தார். குரல் மறுபடியும் தழுதழுத்தது.

"எனக்கு யாரும் ஒண்ணுமே செய்யல."



"படியில கால் பிசகி மூணு வாரம் எந்திரிக்க முடியல. படுத்த இடத்துலயே சாப்பாடு, படுத்த இடத்துலயே உடம்பு தொடச்சு விட்டு, அப்படிக் கெடந்தேன். அந்த நெலமையிலும் சாஞ்சுக்கிட்டே பாடம் நடத்தினேன். என் சீட்டை எடுத்தவருக்கு ஈரமிருந்தா எட்டிப் பாத்திருக்க வேண்டாமா? ஒரு ஆரஞ்சுப் பழம்? ஒரு ஆறுதல் வார்த்தை? பேருக்குக்கூட ஒண்ணுமில்ல!"

அவர் பார்வை சுற்றிவந்து லேட்டுவின் மேல் நின்றது.

"ஏம்ப்பா, சீட்டெடுத்த அன்னைக்கு அதைப் பாத்துட்டு நீதானே சிரிச்சே?"

"ஆமா சார், ஆனா..."

"ஒனக்கு இதெல்லாம் வெளையாட்டு. நேரத்துக்கு வர்றதில்ல. ஜெபத்துல தூங்குறே. ஊழியம்னா என்னன்னே தெரியாதவங்க இந்த வட்டத்துல இருக்கணுமான்னு நீயே முடிவு பண்ணிக்கோ."

லேட்டுவின் முகம் சுண்டிப்போனது. டெஸ்டரும் ஸ்க்ரூ டிரைவரும் துருத்திக்கொண்டிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினார். வாசல்வரை போனவர் நின்று, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எனக்கு வந்தது உங்க சீட்டில்ல சார். மருந்துக்கடை அக்கா சீட்டு. கடைச் சாவி அவங்க மாமாகிட்ட வாங்கி, ராவோட ராவா அந்த ஃப்ரிட்ஜைப் பிரிச்சு மாட்டினேன். மறுநாள் இங்க வந்து தூங்கிட்டேன்."

அக்கா கண்ணைத் திறந்தார். "அடப் பாவி! நான் ஊரெல்லாம் அற்புதம்னு சொல்லிட்டேனே!" என்றவர் ஓடிப்போய் அவர் பையைப் பிடித்துக்கொண்டார். "உக்காருங்க தம்பி. உங்க மாத்திரை என் வேலைதான்."

ரகசியம் உடைந்த பிறகு யாராலும் சும்மா இருக்க முடியவில்லை. சீருடை என்னுடையது என்றார் தையல்காரர். களிம்பு நான் வைத்தது என்றார் நர்ஸ். சாரின் நாலு பக்கத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை.

சாருக்கு உள்ளுக்குள் சங்கடமாகத்தான் இருந்தது. லேட்டுவைப் பார்த்து, "ஏதோ ஒரு வேகத்துல சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காத" என்று முனகினார். ஆனாலும் மனம் ஆறவில்லை. ஆறு சீட்டில் ஐந்துக்குக் கணக்குச் சரியாகிவிட்டது.

"அப்போ என் சீட்டு யார்கிட்டதான் போச்சு?" என்றார் அழாத குறையாக. "ஒரு மாசமா என்னைக் கண்டுக்காம இருந்த அந்தக் கல்நெஞ்சு யாரு?"

மூலையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, முந்தானை முடிச்சை மெல்ல அவிழ்த்து, கசங்கிய சீட்டொன்றை எடுத்து நீட்டினார்.

"எனக்குத்தாங்க வந்துச்சு. இதுக்கு மேல என்ன செய்யறதுன்னுதான் தெரியல."