சுவரில் விழுந்த வெளிச்சம்

திறப்பு விழாவில் ரிப்பனுக்குப் பதிலாக ஒரு ஃபைபர் இழையை நீட்டினார்கள். அமைச்சர் வெட்டினார். அந்த இழை வழியாக வந்து மேடைத் திரையில் பாடிக்கொண்டிருந்த சிறுமி கொஞ்சமும் தடைபடவில்லை. ஒளியை இழைக்கு இழை மாற்றிவிடும் புதிய சுவிட்சுப் பெட்டிக்குள் கடுகைவிடச் சின்னக் கண்ணாடி ஒன்று திரும்பி, அவளைச் சுமந்து வந்த ஒளியை வேறோர் இழைக்கு மாற்றியிருந்தது. அரங்கம் கைதட்டியது.

“எந்த லைனுக்கு மாத்தினீங்க சார்?” என்று கேட்டாள் அங்கயற்கண்ணி. அந்தக் கண்ணாடிகளைப் பொருத்தியவள் அவள்தான்.

“ஆனைப்பாறை லைன்,” என்றார் தலைமைப் பொறியாளர் எபனேசர். “மலைமேல யாரும்மா பேசப்போறா?”

“ஆஸ்பத்திரி இருக்கு சார். நர்ஸ் அதுலதான் கீழ டாக்டரைக் கூப்பிடுவாங்க. அங்கேர்ந்து வர்ற வெளிச்சம் இப்ப எங்க போகும்?”

“எங்கயும் போகாது. பெட்டிக்குள்ள சுவத்துல விழும். கையைத் தட்டும்மா, கேமரா நம்ம பக்கம் திரும்புது.”

அவள் தட்டினாள். அமைச்சர் ஆசைப்பட்டதால் சிறுமி இன்னும் இரண்டு பாட்டு பாடினாள். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

சாயங்காலம் எபனேசர் சிரித்துக்கொண்டே வந்தார். “மலையிலேர்ந்து ஒரு புகார்கூட வரலை. நீதான் வீணாப் பயந்தே.”

“புகார் சொல்லவும் அவங்களுக்கு அந்த லைன்தான் சார். கண்ணாடியை இன்னும் நாம பழையபடி திருப்பலை.”

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் மூடியைக் கழற்றி, உள்ளே கறுப்புச் சுவரில் விரலை வைத்தாள். மலையிலிருந்து வந்த அழைப்புகள் விழுந்த இடம் இளஞ்சூடாக இருந்தது.